செல்சி மலர்க் காட்சி: ஒரு தோட்டம் தங்கம் வாங்குவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் வந்தால் லண்டன் செல்சி மலர்க் காட்சியின் படங்கள் இணையமெங்கும் சுற்ற ஆரம்பித்துவிடும். சின்ன ஓடை, பாசி படிந்த பாறை, இளம்பச்சை இலைகளோடு பர்ச் மரங்கள், அவற்றின் காலடியில் நீல ஐரிஸ் பூக்கள். படத்துக்குக் கீழே ஒருவர் ‘இந்த வருடம் முதல் பரிசு வாங்கிய தோட்டம்’ என்று எழுதியிருப்பார். இன்னொருவர் ‘எத்தனை வருட வளர்ப்போ!’ என்று வியந்திருப்பார். மூன்றாமவர் ‘எல்லாம் தொட்டியில் கொண்டுவந்து இறக்கியது, வெறும் செட்’ என்று கையை உதறியிருப்பார்.

மூன்று பேருமே பாதி சரி, பாதி தவறு. படத்தில் இருக்கும் இடம் மூன்று வாரத்துக்கு முன் வெறும் புல்தரை. ஆனால் அந்தச் செடிகளுக்குப் பின்னால் மாதக்கணக்கான வளர்ப்பு இருக்கிறது. மரங்களுக்குப் பின்னால் பல வருட வளர்ப்பே இருக்கிறது. தங்கப் பதக்கம் என்பதும் அங்கே முதல் பரிசு அல்ல. இவை தெரியாமல் பார்த்தால், அந்தத் தோட்டங்கள் எதற்காக உருவாக்கப்படுகின்றன என்பதே பிடிபடாது. தெரிந்துகொண்டு பார்த்தால் அதே படங்கள் வேறு மாதிரித் தெரியும்.

இடமும் காலமும்

இந்தக் காட்சியை நடத்துவது ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி, சுருக்கமாக ஆர்.எச்.எஸ். 1804-இல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம் இது. 1913 முதல் காட்சி நடப்பது செல்சியில் உள்ள ராயல் ஹாஸ்பிட்டல் வளாகத்தில். பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர் நிறுவிய, ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கான இல்லம் அது. சிவப்புக் கோட்டு அணிந்த முதியவர்கள் காட்சிப் படங்களில் தென்படுவது அதனால்தான்.

இரண்டு உலகப் போர்களின்போதும் காட்சி சில ஆண்டுகள் நின்றுபோனது. 2020-இல் கொரோனாவால் நேரில் நடக்கவில்லை. 2021-இல் வரலாற்றிலேயே முதன்முறையாக மே மாதத்தை விட்டு செப்டம்பரில் நடந்தது. இந்த செப்டம்பர் விஷயத்துக்குப் பிறகு வருவோம். அது ஒரு நல்ல பாடம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வளாகத்தின் நடுவே ஒரு மிகப் பெரிய கூடாரம் இருக்கும். கிரேட் பெவிலியன் என்பார்கள். அதற்குள் நர்சரிக்காரர்கள் தங்கள் ரோஜாக்களையும் டெல்ஃபினியங்களையும் அடுக்கி வைத்திருப்பார்கள். அது செடிகளின் கண்காட்சி. நாம் பேசப்போவது கூடாரத்துக்கு வெளியே, பாதையோரமாக உருவாக்கப்படும் காட்சித் தோட்டங்களைப் பற்றி. ஒரு வடிவமைப்பாளர், ஒதுக்கப்பட்ட ஒரு மனைத் துண்டில், காட்சிக்காகவே முழுமையாகக் கட்டி நட்டு முடிக்கும் தோட்டம்தான் காட்சித் தோட்டம். பெரியவை கிட்டத்தட்ட 22 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் வரை வரும். பால்கனி அளவுக்குச் சிறியவையும் உண்டு.

தோட்டமா, மேடையா?

நாடக மேடையில் ஒரு வீட்டின் கூடத்தைப் பார்க்கிறோம். நாற்காலி, ஜன்னல், சுவரில் படம், எல்லாம் இருக்கும். அங்கே யாரும் குடியிருக்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, ஜன்னல் வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறது என்பதெல்லாம் கணக்குப் போட்டு வைத்தது. கதை அதற்குள் நடக்க வேண்டும்.

காட்சித் தோட்டமும் பாதி இப்படித்தான். பார்வையாளர்கள் பொதுவாக உள்ளே நடக்க முடியாது. கயிற்றுக்கு வெளியே, ஒன்றிரண்டு பக்கங்களிலிருந்து பார்ப்பார்கள். ஆகவே எந்த மரம் முன்னால் நிற்க வேண்டும், எதற்குப் பின்னால் பாதை மறைய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பார்வைக் கோணத்தை மனதில் வைத்து முடிவாகிறது.

ஆனால் மேடையோடு ஒப்பிடுவது இதற்கு மேல் செல்லாது. மேடையில் சுவர் அட்டையாக இருக்கலாம். இங்கே கல் உண்மைக் கல், தண்ணீர் உண்மையாக ஓடுகிறது, செடிகள் உயிரோடு இருக்கின்றன. வெயில் அடித்தால் வாடும், மழை பெய்தால் சாயும், வண்டுகளும் தேனீக்களும் தேடி வரும். நல்ல தோட்டம் ஒன்றின் மிகச் சிறந்த ஒரு வாரத்தை மட்டும் தனியே எடுத்து வைப்பது என்று இதைச் சொல்லலாம். சாதாரணத் தோட்டத்தில் அந்த வாரம் தானாக வரும், நாம் காத்திருப்போம். செல்சியில் வாரத்தின் தேதி முதலிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. தோட்டம் அந்தத் தேதிக்கு வந்து சேர வேண்டும்.

மூன்று வாரம்

திட்டம் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிடும். வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், ஆர்.எச்.எஸ். தேர்வுக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், செலவுக்கு ஆள் பிடிக்க வேண்டும். மரங்களைத் தேர்ந்தெடுக்க வடிவமைப்பாளர்கள் ஐரோப்பாவின் பெரிய நர்சரிகளுக்கே நேரில் போவார்கள். வளைந்த தண்டு, ஒருபக்கம் சாய்ந்த கிளை என்று குணமுள்ள மரமாகத் தேடுவார்கள். நேராக, ஒழுங்காக வளர்ந்த மரம் வரிசைக்கு நன்றாக இருக்கும். பல வருடம் அங்கேயே நின்ற மாதிரி தோன்ற வேண்டிய இடத்துக்கு அது உதவாது.

இடத்தில் வேலை செய்யக் கிடைப்பது சுமார் மூன்று வாரம். முதலில் தோண்டுவது, அடித்தளம், சுவர், குளம், குழாய். அப்புறம் கிரேன் வந்து மரங்களை இறக்கும். கடைசி வாரத்தில்தான் சிறு செடிகள், அதுவும் பெரியதிலிருந்து சிறியதற்கு என்ற வரிசையில். நட்டு முடித்த பிறகு ஒவ்வோர் இலையாகத் தூசி துடைப்பார்கள், பழுத்த இலையைக் கிள்ளுவார்கள். ஓடையில் தண்ணீர் மட்டம் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இங்கே வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காட்சித் தோட்டத்தில் செடிகளைத் தோளோடு தோள் உரச நடுவார்கள். வீட்டில் இரண்டு மூன்று வருடம் வளர்ந்து நிரப்ப வேண்டிய இடத்தை அங்கே முதல் நாளே நிரப்பியாக வேண்டும். படத்தைப் பார்த்து அதே நெருக்கத்தில் நட்டால், அடுத்த பருவத்திலேயே செடிகள் ஒன்றையொன்று நசுக்கும். வண்ணச் சேர்க்கையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இடைவெளியை எடுத்துக்கொள்ளக் கூடாது.

பூவுக்கு நேரம் குறிப்பது

என்னைப் பொறுத்தவரை காட்சியின் மிகப் பெரிய அதிசயம் இதுதான். இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள்.

இங்கிலாந்தில் டாஃபடில் மார்ச், ஏப்ரலில் பூக்கும். ரோஜாவும் டெல்ஃபினியமும் பெரும்பாலும் ஜூனில்தான் முழு வீச்சுக்கு வரும். காட்சியோ மே மாதக் கடைசியை ஒட்டி, ஐந்தே நாள். இவற்றை எல்லாம் ஒரே வாரத்தில் எப்படிச் சந்திக்க வைப்பது?

மாவு புளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெக்கையான மூலையில் வைத்தால் சீக்கிரம் பொங்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் அப்படியே இருக்கும். மாவுக்கு மணி தெரியாது, சூடுதான் தெரியும். செடிக்கும் நாட்காட்டி தெரியாது. அது இரண்டு விஷயங்களை வைத்துக் காலத்தை உணர்கிறது: எவ்வளவு வெப்பம் கிடைத்தது, பகல் எவ்வளவு நீளம். வெப்பம் கூடினால் செடிக்குள் நடக்கும் வேதிவினைகள் வேகமாகின்றன, மொட்டு சீக்கிரம் முதிர்கிறது. குளிர் அதை மெதுவாக்குகிறது. பகல் நீளத்தைப் பார்த்து மொட்டு விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் செடிகளும் உண்டு. அவற்றுக்கு விளக்கு வெளிச்சத்தால் பகலை நீட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டையும் மாற்றி வைத்து, பூக்கும் காலத்தை முன்னே இழுப்பதற்கு முந்தவைத்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஜூன் மாதப் பூக்களைச் சூடேற்றிய பசுமைக்குடிலுக்குள் வைத்து முந்தவைப்பார்கள். பூக்கும் காலத்தைப் பின்னே தள்ளுவது பிந்தவைத்தல். வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூத்து முடியும் கிழங்குச் செடிகளைக் குளிர்பதன அறையில் நிறுத்திப் பிந்தவைப்பார்கள்.

சொல்ல எளிது. செய்யும்போதுதான் சிக்கல் தெரியும். சூட்டில் சீக்கிரம் வளர்ந்த செடியின் தண்டு மென்மையாக இருக்கும், இலை மெல்லியதாக இருக்கும். நேராக வெளியே கொண்டுவந்து வைத்தால் காற்றில் முறியும், வெயிலில் கருகும். அதனால் சில நாள் பகலில் மட்டும் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்க வேண்டும். இதற்கிடையே வானிலை தன் போக்கில் இருக்கும். 2013-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டனில் வழக்கத்தை விடக் கடுங்குளிர். நாடெங்கும் செடிகள் பின்தங்கின. அது செல்சியின் நூற்றாண்டுக் காட்சி வேறு. இன்னோர் ஆண்டு ஏப்ரலிலேயே வெயில் கொளுத்தினால் எல்லாம் முந்திக்கொண்டு பூத்து, காட்சி வருவதற்குள் கொட்டிவிடும்.

இதற்கு ஒரே காப்பு, தேவைக்கு மேல் வளர்ப்பது. இந்த வேலைக்கென்றே நர்சரிகள் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட காட்சித் தோட்டத்துக்காக ஒப்பந்தம் போட்டு, ஒரே வகைச் செடியைச் சில நாள் இடைவெளியில் பல தொகுதிகளாக வளர்ப்பார்கள். ஒரு தொகுதி பூத்து முடிந்துவிடும், ஒரு தொகுதி இன்னும் மொட்டாக இருக்கும், நடுவில் உள்ளது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. பதக்கத்தின் பெருமை முழுவதும் வடிவமைப்பாளர் பெயருக்குப் போகும்போது எனக்கு இந்த வளர்ப்பாளர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இப்போது 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காட்சி செப்டம்பருக்குத் தள்ளிப்போனபோது தேதி மட்டும் மாறவில்லை. மே மாதத்து ஐரிஸ், பியோனி, லூப்பின், ஃபாக்ஸ்கிளவ் எல்லாம் பட்டியலிலிருந்து வெளியேறின. டாலியா, ஆஸ்டர், கதிர் விட்ட புற்கள், பழங்கள் உள்ளே வந்தன. முந்தவைப்பதும் பிந்தவைப்பதும் சில வாரங்களுக்குத்தான் செல்லும். நாலு மாத வித்தியாசத்தை எந்தக் குளிர்பதன அறையாலும் தாண்ட முடியாது.

கொசுறாக ஒன்று. பிரிட்டனில் சில பல்லாண்டுச் செடிகளை மே மாதக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கத்தரித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் செடி குட்டையாக, அடர்த்தியாக வளர்ந்து தாமதமாகப் பூக்கும். இந்தக் கத்தரிப்புக்கு அங்கே செல்சி சாப் என்றே பெயர். காட்சி நடக்கும் வாரத்தை ஒட்டிச் செய்வதால் வந்த பெயர்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: தோட்டம் அங்கே வளர்ந்ததல்ல, மூன்று வாரத்தில் கட்டப்பட்டது. ஆனால் செடிகள் மாதக்கணக்கில், வெப்பத்தையும் வெளிச்சத்தையும் அளந்து அளந்து, அந்த ஐந்து நாளுக்காகவே வளர்க்கப்பட்டவை.

நீங்களே எழுதிக்கொள்ளும் கேள்வித்தாள்

தையற்காரரிடம் பள்ளிச் சீருடை தைக்கச் சொல்கிறோம். அவர் பட்டுச் சட்டை தைத்துத் தருகிறார். தையல் பிரமாதம், துணி அருமை. ஆனால் நாம் கேட்டது அதுவல்லவே. ‘நல்ல சட்டையா?’ என்பது ஒரு கேள்வி, ‘கேட்ட சட்டையா?’ என்பது வேறு கேள்வி.

செல்சியில் நடுவர்கள் முதலில் கேட்பது இரண்டாவது கேள்வியைத்தான். ஒவ்வொரு வடிவமைப்பாளரும் காட்சிக்கு முன்பே ஒரு நோக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். அவர்கள் அதை பிரீஃப் என்பார்கள். இந்தத் தோட்டம் யாருக்காக, எந்த மாதிரி இடத்துக்காக, உள்ளே வருபவர் என்ன செய்வார், என்ன மாதிரிச் செடிகள், ஏன் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன்பின் தோட்டத்தை அந்தக் குறிப்போடு ஒட்டிப் பார்த்துத்தான் மதிப்பெண்.

ஒரு கற்பனை உதாரணம். ‘தண்ணீர் குறைந்த இடத்துக்கான தோட்டம்’ என்று குறிப்பில் எழுதிவிட்டு, ஈரம் கேட்கும் பெரணிகளை நட்டுவைத்தால் மதிப்பெண் குறையும். பெரணி எவ்வளவு பசுமையாக நின்றாலும் சரி. அதேபோல் நிழல் விரும்பும் செடியையும் கொளுத்தும் வெயில் கேட்கும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், செடி தெரிந்த நடுவர் உடனே கவனிப்பார். ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்காக எதையும் எதோடும் சேர்த்துவிட முடியாது.

பதக்கம்: ஓட்டப்பந்தயம் அல்ல, தேர்வு

ஓட்டப்பந்தயத்தில் ஒருவர்தான் முதலாவதாக வர முடியும். தேர்வில் எத்தனை பேர் வேண்டுமானாலும் முதல் வகுப்பில் தேறலாம். யாருமே தேறாமலும் போகலாம். செல்சிப் பதக்கம் இரண்டாவது வகை. தங்கம், அதற்கு அடுத்தது தங்க முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, கடைசியாக வெண்கலம். நான்கும் தர நிலைகள். ஒரே ஆண்டில் பல தோட்டங்கள் தங்கம் வாங்குவது சாதாரணம்.

குறிப்பை நிறைவேற்றியதா, எவ்வளவு துணிந்து முயன்றிருக்கிறது, மொத்தமாகப் பார்க்கும்போது மனதில் என்ன பதிகிறது, வடிவமைப்பு, கட்டுமானம், செடி நடவு என்று தலைப்பு தலைப்பாக மதிப்பிடுவார்கள். முதலில் ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்துக் குறித்துக்கொள்ளும். பிறகு நடுவர் குழு வந்து விவாதித்து முடிவு செய்யும். செவ்வாய்க்கிழமை காலை, காட்சி திறக்கும் நாளில், முடிவு வெளியாகும்.

முதல் பரிசுக்கு நெருக்கமான ஒன்று உண்டென்றால் அது ‘சிறந்த காட்சித் தோட்டம்’ என்ற தனி விருது. அதைத் தங்கம் வாங்கியவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். அது போக, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விருதும் உண்டு. நடுவர்களின் விருதும் மக்களின் விருதும் பல ஆண்டுகள் வேறு வேறு தோட்டங்களுக்குப் போயிருக்கின்றன. அதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. நடுவர்கள் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். மக்கள் மனதைத் தொட்டதைச் சொல்கிறார்கள்.

போட்டியிலேயே சேராத தோட்டங்களும் இருக்கும். 2019-இல் அப்போதைய கேம்பிரிட்ஜ் கோமகள் கேத்தரின், ஆண்ட்ரே டேவிஸ், ஆடம் வைட் என்ற இரு வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய, குழந்தைகள் காட்டில் விளையாடும் தோட்டம் அப்படிப்பட்டது. ‘அதற்கு ஏன் பதக்கம் தரவில்லை?’ என்ற கேள்விக்கு இடமே இல்லை. அது மதிப்பீட்டுக்கு வைக்கப்படவில்லை.

சுருக்கமாக: பதக்கம் தோட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தருவதல்ல. ஒவ்வொரு தோட்டமும் தான் சொன்னதைச் செய்துகாட்டியதா என்பதற்கான மதிப்பெண் அது.

எனக்குப் பிடித்தவை

நான் இவற்றைப் படங்களிலும் காணொளிகளிலும் பார்த்துத்தான் விரும்ப ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் நோக்கம் என்ன என்று தேடிப் படித்த பிறகுதான் உண்மையாகப் பிடித்தன.

முதலில் 2022. லூலு உர்கார்ட், ஆடம் ஹன்ட் இருவரும் முதன்முறையாக செல்சிக்கு வந்தார்கள். அவர்கள் அமைத்தது, பீவர் என்ற விலங்கு திரும்பி வந்த பிறகு தென்மேற்கு இங்கிலாந்தின் ஓர் ஓடைக்கரை எப்படி மாறியிருக்கும் என்ற காட்சி. பீவர் மரக்கிளைகளைக் கடித்துத் தறித்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிச் சிறு குளமாகும், அதைச் சுற்றி ஈரம் விரும்பும் செடிகள் வரும், அவற்றைத் தேடிப் பூச்சிகளும் பறவைகளும் வரும். பிரிட்டனில் இந்த விலங்கு சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் வேட்டையில் அழிந்துபோயிற்று. இப்போது மெல்ல மெல்ல மீண்டும் கொண்டுவந்து விடுகிறார்கள். தோட்டத்தில் கடிபட்ட குச்சிகளால் கட்டிய அணை இருந்தது, ஹாதார்ன் மரம் இருந்தது, பலர் களை என்று பிடுங்கிப் போடும் உள்நாட்டுச் செடிகள் இருந்தன.

‘இது தோட்டமே இல்லை, காட்டின் ஒரு துண்டு’ என்று பலர் குறைப்பட்டார்கள். அந்த வாதம் நியாயமான வாதம்தான். ஆனால் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரு விலங்கு ஒரு நிலத்தை எப்படி மாற்றும் என்று காட்டுவதாகச் சொன்னார்கள். ஒவ்வோர் அங்குலத்திலும் அதைக் காட்டினார்கள். தங்கமும் கிடைத்தது, சிறந்த காட்சித் தோட்டம் என்ற விருதும் கிடைத்தது. வரிசையாக நட்ட பூக்களை விட, தற்செயலாக வளர்ந்த மாதிரித் தோன்றும் ஒரு கரையை மூன்று வாரத்தில் அமைப்பது எவ்வளவோ கடினம் என்பது என் எண்ணம். எதையும் ‘வைத்த’ மாதிரி தெரியக் கூடாதே!

அடுத்தது 2015. டான் பியர்சன், டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தின் ஒரு மூலையை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அந்த மாளிகையில் 19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்கலைஞர் அமைத்த பாறைத் தோட்டம் இருக்கிறது, பக்கத்தில் ட்ரவுட் ஓடை என்ற நீரோடை இருக்கிறது. இவை இரண்டும்தான் பியர்சனுக்குத் தூண்டுதல். அவருக்குக் கிடைத்தது முக்கோண மனை. எல்லாப் பக்கமும் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். மறைக்க முதுகுப்புறம் என்று ஒன்று இல்லாத இடம். அதில் பெரிய பாறைகளும் வில்லோ மரங்களும் புல்லும் ஓடையும் வைத்து, பார்ப்பவர்களுக்கு யாருமே கை வைக்காத இடம் மாதிரித் தோன்றச் செய்துவிட்டார். அந்த ஆண்டின் சிறந்த காட்சித் தோட்டம் அதுதான்.

2023-இன் ஹொரேஷியோஸ் கார்டன் எனக்கு வேறு காரணத்துக்காகப் பிடிக்கும். முதுகுத்தண்டில் அடிபட்டு மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருப்பவர்களுக்காகத் தோட்டங்கள் அமைக்கும் தொண்டு நிறுவனம் அது. வடிவமைத்தவர்கள் சார்லட் ஹாரிஸ், ஹ்யூகோ பக். நீங்கள் படுக்கையில் மல்லாந்து படுத்தபடியே ஒரு தோட்டத்துக்குள் தள்ளிச் செல்லப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிவது தரையில் இருக்கும் பூ அல்ல. தலைக்கு மேல் உள்ள கிளை, இலைகளுக்கு நடுவே வானம். தரைக்கல் இடுக்கில் சக்கரம் ஏறி இறங்கினால் அந்த அதிர்வில் உடம்பெல்லாம் வலிக்கும். அதனால் படி கிடையாது, பாதை வழுவழுப்பாக, இடுக்கு இல்லாமல். இதைத் தெரிந்துகொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தால், முன்பு சாதாரணமாகத் தோன்றிய அந்தப் பாதைதான் தோட்டத்தின் மிக அழகான பகுதியாகத் தெரியும். அந்த ஆண்டின் சிறந்த காட்சித் தோட்டம் விருது அதற்குப் போனது.

தங்கம் வாங்காத ஒன்றும் என் பட்டியலில் உண்டு. 2018-இல் டாம் மாசி லெமன் ட்ரீ டிரஸ்ட் என்ற அமைப்புக்காக அமைத்த தோட்டம். ஈராக்கின் வடக்கே டோமிஸ் என்ற அகதி முகாம் இருக்கிறது. சிரியாவிலிருந்து ஓடி வந்தவர்கள் அங்கே கிடைத்த கான்கிரீட் கல்லிலும் காலி டப்பாவிலும் மண் நிரப்பிச் செடி வளர்க்கிறார்கள். மாசி அதே பொருட்களை வைத்து, நடுவே நீரூற்றோடு, மத்திய கிழக்குத் தோட்ட மரபில் அமைத்தார். கிடைத்தது தங்க முலாம் பூசிய வெள்ளி. எல்லாம் இழந்து வந்தவர்கள் கூரை போட்ட கையோடு செடிக்கு இடம் தேடுகிறார்கள் என்ற செய்தியை அதைவிடத் தெளிவாகச் சொன்ன தோட்டத்தை நான் பார்த்ததில்லை. பதக்கத்தின் நிறமும் பிடித்தமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்னும் சில பெயர்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் ஊலா மரியாவின் பர்ச் மரக் காடு, தசைச்சிதைவு நோயோடு வாழ்பவர்களுக்கானது. 2025-இல் கசுயுகி இஷிஹாராவின் ஜப்பானியத் தேநீர்த் தோட்டம். பாசியை அவர் கையாளும் விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டுமே அந்தந்த ஆண்டின் சிறந்த காட்சித் தோட்டங்கள். ஒரு உயிர்ச்செடி கூட இல்லாமல் முழுக்க முழுக்க பிளாஸ்டிசின் என்ற விளையாட்டுக் களிமண்ணால் 2009-இல் ஜேம்ஸ் மே என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொகுப்பாளர் அமைத்ததும் இருக்கிறது. அதற்கு பிளாஸ்டிசினிலேயே செய்த ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

பணம் யாருடையது, பிறகு எங்கே போகிறது

பெரிய காட்சித் தோட்டம் ஒன்றுக்குப் பல லட்சம் பவுண்டு ஆகும். வடிவமைப்பாளர் கையிலிருந்து போடுவதில்லை; ஆதரவு நிறுவனங்கள் தரும். நிதி நிறுவனங்கள், ஷாம்பெயின் நிறுவனங்கள், பத்திரிகைகள் என்று நீண்ட காலம் அவர்கள்தான் செலவழித்தார்கள். ஐந்து நாள் காட்சிக்கு இவ்வளவா என்ற கேள்வி எப்போதும் உண்டு, அது எழ வேண்டிய கேள்விதான்.

சமீபத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. தங்கள் பெயரை வெளியிட விரும்பாத இருவர் பணம் போட்டு, ப்ராஜெக்ட் கிவிங் பேக் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 2022 முதல் 2026 வரை செல்சியில் தொண்டு நிறுவனங்களுக்கான தோட்டங்களுக்கு அது நிதி தருகிறது. அதன் நிபந்தனை, காட்சி முடிந்ததும் தோட்டம் வேறோர் இடத்தில் நிரந்தரமாக வாழ வேண்டும் என்பது. மேலே சொன்ன பீவர் தோட்டம், ஹொரேஷியோஸ் கார்டன், ஊலா மரியாவின் பர்ச் காடு மூன்றும் இந்த நிதியில் வந்தவை.

இடம் மாற்றுவது பெட்டியைத் தூக்கி வைப்பது போன்ற காரியம் அல்ல. மனையின் வடிவம் வேறு, மண் வேறு, வெயில் விழும் திசை வேறு. நெருக்கமாக நட்ட செடிகளைப் பிரித்து, வளர இடம் விட்டு நட வேண்டும். தோட்டத்தை மறுபடியும் வரைய வேண்டும் என்றே சொல்லலாம். ஹொரேஷியோஸ் கார்டன் அப்படித்தான் ஷெஃபீல்டில் உள்ள முதுகுத்தண்டு சிகிச்சை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டான் பியர்சனின் தோட்டம், வந்த இடமான சாட்ஸ்வொர்த்துக்கே திரும்பி ஓடைக்கரையில் அமர்ந்தது.

காட்சியின் கடைசி நாள் சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். அதுவரை தொடக்கூடாது என்று நின்றவர்கள் காட்சிக்கு வைத்த செடிகளை விலைக்கு வாங்க ஆரம்பிப்பார்கள். ஆள் உயர டெல்ஃபினியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்லோன் ஸ்கொயர் ரயில் நிலையம் நோக்கி நடக்கும் கூட்டத்தை அன்றைக்குப் பார்க்கலாம். மறுபக்கம் கிரேன்கள் திரும்ப வரும். சுவர்களைப் பெயர்த்து, குளங்களைத் தூர்த்து, மண்ணைச் சமப்படுத்தி, ராயல் ஹாஸ்பிட்டல் வளாகத்தைப் பழையபடி புல்தரையாக ஒப்படைக்க வேண்டும்.